ஒரு கூடை மணல்

ஒரு சங்கு தண்ணீர் ஊற்றிவிட்டு ராஜாராம் நூறு வரை எண்ணினான். பிறகு இன்னொரு சங்கு.

தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஜாடித் தண்ணீரோடு கலந்தது. ஜாடிக்குள் இரண்டு கிளிமீன்கள் சுற்றி வந்தன. விரல் நீளம்தான். பச்சை உடம்பு. முகத்தில் மட்டும் யாரோ ரோஜா நிறத்தில் கோலம் போட ஆரம்பித்து, பாதியில் எழுந்து போனதுபோல் சில கோடுகள்.

மண்டபத்துக் கடலிலிருந்து மதுரைக்கு, மதுரையில் வண்டி மாறிப் போடிநாயக்கனூருக்கு. வழி முழுக்க அந்த ஜாடி அவன் மடியில்தான் இருந்தது.

ஏலக்காய் பொறுக்க வந்த மாயக்காள், முறத்தோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

“பச்சப் புள்ளைக்குப் பால் புகட்டுறாப்புல புகட்டுறீகளே தம்பி. அந்தச் சங்குக்கு இந்த வருசம் வேற சோலி வரும்னுல்ல நான் நெனச்சேன்.”

கதவோரம் நின்ற முத்துராக்கு சிரிக்கவில்லை.

அவள் அவனுக்கு மனைவியாகி நான்கு மாதம். அவள் அப்பா பக்கத்து ஊரான சிலமலைக்காரர். ரயில்வே வேலையாக மண்டபம் போய் அங்கேயே தங்கிவிட்டவர். அலைச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இந்த மலையடி ஊர் ஒட்டவே இல்லை. சேலையைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டுவாள். துவைத்துக் காய்ந்ததும் மடித்து அதே பெட்டிக்குள் வைப்பாள். அவளுக்கென்று வாங்கிய அலமாரி நான்கு மாதமாக வெறுமனே நின்றது.

சாயங்காலங்களில் மாடியில் போய் நிற்பாள். குரங்கணிப் பக்கமிருந்து மூடுபனி இறங்கி வருவதைப் பார்ப்பாள்.

“தூரத்துல கடலாட்டமே இருக்கு. கிட்ட வந்தா ஒண்ணுமில்ல” என்று ஒருநாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது அவன் காதில் விழுந்துவிட்டது.

அதனால்தான் இந்தத் தொட்டி. தேக்குச் சட்டத்தில் கண்ணாடி பதித்தது. கடல் தண்ணீர் டின் டின்னாக ரயிலில் வந்தது. ஜீப்பு டியூப்பில் அடைத்த காற்று, மெல்லிய ரப்பர் குழாய் வழியாகக் குமிழ் குமிழாக உள்ளே ஏறும்.

“இந்த ஊர்ல கடல் மீனு பொழச்சா நீயும் இரு. இல்லேன்னா நானே கொண்டுபோய் ஒங்கப்பா வீட்ல விட்டுர்றேன்” என்று அவளிடம் சொல்லியிருந்தான்.

அவளும் சரியென்றாள்.

முதலில் வந்த மூன்றும் பிழைக்கவில்லை. பொழுது சாயும் நேரமெல்லாம் அடியில் கிடந்த கூழாங்கற்களில் முட்டி முட்டித் திரும்பின. மூன்றாம் நாள் செத்து மிதந்தன. முத்துராக்கு பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

“இன்னும் ஒரே ஒரு தடவ” என்று அவன் கேட்டான்.

அவள் வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்தாள்.

“போனா, ஒரு கூடை கடல் மணல் அள்ளிட்டு வாங்க” என்றாள்.

ஊர் ஞாபகத்துக்குக் கேட்கிறாள் என்று எண்ணிக்கொண்டான். மீனைவிட அந்த மணல்தான் கனம். இன்று அவன் வந்து இறங்கியதும் அவளே அதை அலசி, கூழாங்கற்களை அள்ளிவிட்டுத் தொட்டியில் பரப்பினாள். கரைபோல இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறாள் போல என்று விட்டுவிட்டான்.

ஜாடி நிறைந்தது. மெதுவாகச் சாய்த்தான்.

இரண்டு மீன்களும் தொட்டிக்குள் நழுவின. எதிர் ஜன்னல் வழியே மலை முழுதும் கண்ணாடியில் தெரிந்தது. கிளிமீன்கள் மலைக்கு மேலே, பனிக்கு நடுவே, சிறகசைத்துப் போவதுபோல் இருந்தது. உலர்ந்துகொண்டிருந்த ஏலக்காயின் வாசம் அறையெங்கும் நின்றது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

வெளிச்சம் மங்கியது. ராஜாராம் விளக்கேற்றப் போனான்.

திரும்பி வந்தபோது தொட்டி காலி.

தரையில் தேடினான். மேசைக்கடியில் தேடினான். தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். குமிழ்கள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தன.

“பூனகூட வரலையே” என்றாள் மாயக்காள், குரலைத் தாழ்த்தி. பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியேறினாள்.

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கை ஈரம் வேட்டியில் இறங்கியது.

“காலை வண்டிக்குப் போவோம்” என்றான், அவளைப் பாராமல். “பெட்டிய எடுத்து வையி.”

முத்துராக்கு பக்கத்தில் வந்து குந்தினாள். அவன் ஈரக் கையைப் பிடித்து, கண்ணாடியின் அடிப்பக்கம், மணல் தொடும் இடத்தில் வைத்தாள்.

மணலுக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு பச்சைக் கீற்று. ஒரு ரோஜாக் கோடு.

“மெல்லப் பேசுங்க. ஒறங்குதுக.”

“மண்ணுக்குள்ளயா?”

“பொழுது எறங்குனா உள்ள போயிரும். விடிஞ்சா வரும். நாலு வெரக்கடை ஆழம் வேணும். அது இல்லேன்னா எங்குட்டுப் போயி ஒறங்கும், பாவம்.”

அந்தக் கீற்று லேசாக அசைந்து அடங்குவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். வெகுநேரம் கழித்துத்தான் அவனுக்கு அது தோன்றியது.

“மொதல்ல வந்ததுகளுக்கு மண்ணே கெடையாதே முத்து. அப்ப ஏன் நீ சொல்லல?”

ஜன்னலுக்கு வெளியே பனி வந்து நின்றிருந்தது.

அவள் எழுந்தாள். மூலையில் கிடந்த காற்றடிக்கும் பம்பை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

“டியூப்புல காத்து எறங்குது. வெரசா அடிங்க.”

அவன் அடிக்கத் தொடங்கினான். உள்ளறையில் அலமாரிக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.