ஜோஜோ ஊதிய டிரம்பெட்

"அப்பா, நிஜமா ஊது. சும்மா வாயில வச்சுக்கிட்டு நிக்காத."

எகுவா இதைச் சொன்னபோது ஜோஜோவின் கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன. படத்துக்காக.

கானாவின் டகோராடியில், மார்க்கெட் சர்க்கிளுக்குப் பக்கத்து மாடியில் என் ஸ்டுடியோ இருக்கிறது. குடும்பங்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுப்பது எனக்குப் பிடிக்காது. ஆளுக்கொரு வாத்தியத்தைக் கையில் கொடுத்துவிடுவேன். சத்தம் போடுகிற பிள்ளை கேமராவை மறந்துவிடும்.

அப்பாக்கள் மறப்பதற்குத்தான் நேரமாகும்.

இந்த டிசம்பரில் எசெல் குடும்பம் வந்தது. துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஜோஜோ, பள்ளி ஆசிரியை மான்சா, மகள் எகுவா, அவளுக்கு இளையவன் எபோ. நால்வருக்கும் ஒரே துணியில் தைத்த புது உடுப்பு.

எபோவுக்கு டிரம் கொடுத்தேன். எகுவாவுக்கு இரும்பு மணி. மான்சாவுக்குப் பாசிமணி கோத்த சுரைக்குடுக்கை. அப்பாவுக்கு டிரம்பெட்தான் என்று பிள்ளைகள் வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.

காரணத்தை எகுவா மூச்சு விடாமல் சொன்னாள்.

கல்யாணத்துக்கு முன்பு ஒரு கிறிஸ்துமஸ் முகமூடி ஊர்வலப் போட்டியில் அப்பாதான் தன் குழுவுக்கு டிரம்பெட்டாம். முகமூடியில் வாய்ப் பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டு ஊதினாராம். கொட்டுகிற மழையில் மற்ற குழுக்கள் எல்லாம் கடையோரம் ஒதுங்க, அப்பா நிற்கவே இல்லையாம். உதடு வெடித்து ரத்தம் வந்ததாம். கோப்பை கிடைத்ததும் ஜனங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சர்க்கிளைச் சுற்றினார்களாம். அப்போதுகூட முகமூடியைக் கழற்றவில்லையாம். அவ்வளவு அடக்கமாம்.

"மழை இல்ல, தூறல்தான்," என்றாள் மான்சா, எபோவின் காலரைச் சரிசெய்துகொண்டே.

"உதடு?" என்று கேட்டேன்.

"அது நிஜம்."

"அப்புறம் ஏன் ஊதுறதையே விட்டுட்டீங்க?" என்று ஜோஜோவிடம் கேட்டேன்.

"பேர் இருக்கும்போதே நிறுத்திக்கணும், சிஸ்டர்," என்றார் ஜோஜோ.

மான்சா காலரை விட்டு நிமிரவில்லை. அவள் தோள் மட்டும் குலுங்கியது.

கேமராவை எடுத்தேன். எபோ டிரம்மைப் போட்டு மொத்தினான். எகுவா மணியைத் தட்டினாள். நாலு வாத்தியத்தில் ஒன்றிலிருந்து மட்டும் சத்தமே வரவில்லை என்பதை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

ஜோஜோ காற்றைக் குறை சொன்னார். ஹர்மத்தான் அடிக்கிற மாதத்தில் உதடு காய்ந்துவிடுகிறதாம். பிறகு என் டிரம்பெட்டைக் குறை சொன்னார். விசை ஒன்று இறுகிக் கிடக்கிறதாம். நான் ஓடிப்போய் மூன்று விசைகளையும் அழுத்திக் காட்டினேன். மூன்றும் வெண்ணெயாக இறங்கின. ஜோஜோ என்னைப் பார்த்த பார்வையில் நன்றி எதுவும் இல்லை.

"ஒரே ஒரு தடவைப்பா."

ஊதினார்.

எபோ டிரம்மைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினான். தெருவில் ஆட்டை யாரோ மிதித்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எகுவாவுக்கு வரவில்லை. டிரம்பெட்டை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தாள். விசைமேல் எந்த விரலை வைப்பது என்று தெரியாமல் அவர் கை தடுமாறுவதைப் பார்த்தாள். பள்ளியில் எத்தனை பேரிடம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பாளோ.

"பொய்யா சொன்னே?"

ஜோஜோ மறுபடி ஊதிப் பார்த்தார். வெறும் காற்று வந்தது. டிரம்பெட்டைக் கீழே இறக்கிவிட்டு மான்சாவைப் பார்த்தார். காப்பாற்று என்கிற பார்வை இல்லை அது. சொல்லிவிடட்டுமா என்று கேட்பதுபோல் இருந்தது.

"போதும் ஜோஜோ, அந்த டிரம்பெட் பாவம். குடு இங்க."

மான்சா சுரைக்குடுக்கையை நாற்காலியில் வைத்தாள். புது உடுப்பின் ஓரத்தால் ஊதுமுனையைத் துடைத்தாள். உதட்டுச் சாயத்தைப் புறங்கையால் அழித்தாள்.

முதல் சுரம் உடைந்தது. இரண்டாவது உறுதியாக நின்றது.

அதற்குப் பிறகு அறை போதவில்லை. டிசம்பர் முழுக்கத் தெருவில் ஆடவைக்கிற மெட்டு அது. அவள் இடுப்பு தானாக ஆடியது. கீழே கென்கே என்கிற சோள உருண்டை விற்கிறவள், "யாரும்மா அது, இறங்கி வா!" என்று கத்தினாள். எபோ ஓடிவந்து டிரம்மைப் பிடித்துக்கொண்டான். ஜோஜோ கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். படம் எடுக்கத்தான் நிற்கிறோம் என்பது எனக்குப் பாதி மெட்டில்தான் நினைவு வந்தது.

முடித்ததும் மான்சா மூச்சு வாங்கினாள்.

"உங்க தாத்தா பாஸ்டர்," என்றாள் மகளிடம். "பொண்ணு முகமூடி மாட்டிக்கிட்டு தெருவுல ஊதினான்னு தெரிஞ்சா வீட்டைவிட்டே துரத்தியிருப்பார். அதான் உங்கப்பா உடுப்பைப் போட்டுக்கிட்டுப் போனேன். ஊரே இவர்தான்னு நெனச்சுது. இவரும் ஆமான்னுட்டார். என்னைக் காப்பாத்தத்தான். அப்புறம் அப்படியே பழகிப்போச்சு."

எகுவா அம்மாவின் உதட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் கணக்கு நேராகவில்லை.

"நீ வீட்டுல இல்லன்னு தாத்தாவுக்குத் தெரியலையா?"

"காய்ச்சல்னு சொல்லிட்டேன்."

"அப்ப நீ எங்க இருந்தே, அப்பா?"

ஜோஜோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்கம்மா கட்டில்ல. தலையோட போர்வையை இழுத்து மூடிக்கிட்டு," என்றார். "தாத்தா பக்கத்துல மண்டி போட்டு, போர்வைமேல கைவச்சு ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டார். எனக்கு வேர்த்து ஊத்திடுச்சு. போர்வையே நனைஞ்சுபோச்சு. காய்ச்சல் விட்டுடுச்சுன்னு அவர் அழுதுட்டார்."