கை தொட்ட பட்டு

“இது கைத்தறி இல்லீங்க” என்றாள் மனைவி ஜாய்ஸ்.

டேவிட்ராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மகள் டயானாவின் கல்யாணப் புடவை அது. பரசுராமன் பட்டுக்கடைக்கு விளம்பரப் பாட்டு செய்து கொடுத்ததற்குக் கூலியாக வந்தது. பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, இசை கோர்த்தது எல்லாமே டேவிட்ராஜ்தான். சென்னையில் இருபது வருஷம் சினிமாப் பாட்டுகளுக்கு கிட்டார் வாசித்துவிட்டு, ஆரணிக்கே திரும்பி வீட்டு மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார்.

“நல்லா பாத்தியா?”

“தறிக்காரர் பொண்ணுங்க நான். பின்பக்கம் பாருங்க. மொதல் பூவுலேர்ந்து கடைசிப் பூ வரைக்கும் ஒரே அழுத்தம். மனுஷன் நெய்தா எங்கயாச்சும் ஒரு இடத்துல கை தளர்ந்திருக்கும். இது பவர்லூம்.”

“அடப்பாவி!”

“சம்பந்தி வீடே தறிக்காரங்க. தொட்டதும் கண்டுபிடிச்சுடுவாங்க. நம்ம மானம் போயிடும்.”

“செருப்பைப் போடு. கிளம்பு!”

கடையில் முகூர்த்தக் கூட்டம். ஸ்பீக்கரில் அவர் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. ‘கை தொட்ட பட்டு... கை மீட்டும் பாட்டு...’

“வாங்க சார், வாங்கம்மா!” பரசுராமன் எழுந்து ஓடி வந்தார். “இப்பதான் இவங்ககிட்ட உங்களப் பத்தி சொல்லிகினு இருந்தேன். நடுநடுவுல தந்தி மேல விரல் கீச்சுனு உரசுது பாருங்க, அது மெஷின்ல வருமா?”

டேவிட்ராஜ் புடவையை மேசைமேல் வீசினார்.

“கைத்தறின்னு சொல்லி மெஷின் சரக்கை என் தலையில கட்டிட்டீங்களே! இதுக்குப் பேரு என்னா தெரியுமா? திருட்டு! பத்து பேரு உக்காந்து வாசிச்ச எடத்துல இன்னிக்கு ஒரு கம்ப்யூட்டர் உக்காந்துகினு இருக்குது. மெஷினால பொழப்புப் போனவன் நான். என்கிட்டயேவா?”

புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

பரசுராமன் முகம் வெளுத்துவிட்டது. புடவையைத் திருப்பினார். விரலால் தடவினார். கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

“தப்பு நடந்துபோச்சு சார். புதுசா ஒருத்தர்கிட்ட எடுத்த சரக்கு. அவரு வாயை நம்பினேன். பிரிச்சுப் பாக்கல.”

மேசையிலிருந்த கத்தரியை எடுத்தார்.

“ஐயோ முதலாளி!” விற்பனைப் பெண் பரிமளா அலறினாள்.

அதற்குள் முந்தானையில் கத்தரி இறங்கிவிட்டது. சரசரவென்று இரண்டாகக் கிழித்தார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“பவர்லூம்னே சொல்லி வித்திருக்கலாமே முதலாளி!”

“ஒரு தடவை கைத்தறின்னு என் வாயால சொல்லிக் கொடுத்தாச்சு பரிமளா. இனிமே இது ஒரு வீட்டுக்கும் போவக்கூடாது. நீ போயி எங்க வீட்டுத் தறியில நெய்தோமே, அந்த அரக்குப் புடவையை எடுத்துகினு வா.”

வந்த புடவையை இரண்டு கையாலும் ஏந்தி டேவிட்ராஜிடம் நீட்டினார்.

“நீங்க கையால வாசிச்சுக் கொடுத்தீங்க. நானும் கையால நெய்ததைத்தான் கொடுத்திருக்கணும். மன்னிச்சிடுங்க சார்.”

ஜாய்ஸ் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். தலையாட்டினாள்.

வெளியே வந்ததும் டேவிட்ராஜ் பையை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. வாசல் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏங்க, இந்தப் பாட்டு ஆடி மாசந்தானே செஞ்சீங்க?”

“ஆமா. அதுக்கென்ன?”

“ஈஸ்டருக்கு அறுந்த தந்தியையே நீங்க இன்னும் மாட்டல. கிட்டாரு கட்டிலுக்கு அடியிலதான் கெடக்குது. எதுல வாசிச்சீங்க?”

டேவிட்ராஜ் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“கம்ப்யூட்டர்லயே கிட்டார் சத்தம் இருக்குது. யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மெதுவா பேசு.”

“அந்த விரல் உரசுற கீச்சு?”

“அதுவுந்தான்.”

ஜாய்ஸ் கடையின் உள்ளே கை காட்டினாள்.

“கத்தரி இன்னும் மேசை மேலதான் இருக்குது. போங்க.”