கொண்டுவந்தவர் பெயர்

அவள் முதலில் சிரித்தாளா, அடையாள அட்டையை நீட்டிய பிறகு சிரித்தாளா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. சிரிக்கவே இல்லையோ என்றுகூடச் சில நாள் தோன்றும்.

அட்டையை இடது கையால் நீட்டினாள் என்பது மட்டும் நிச்சயம். வலது கை விரல்கள் மடங்காமல் விறைத்திருந்தன.

வெளிநாட்டில் காட்ட வேண்டிய சான்றிதழ்களுக்கு முத்திரை குத்தும் அலுவலகம் அது. எனக்கு மூன்றாம் எண் சன்னல். சான்றிதழின் அடியில் இருக்கும் அதிகாரியின் கையெழுத்தை எங்களிடம் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட வேண்டும். ஒத்துப்போனால் முத்திரை. மேலே எழுதியிருப்பது உண்மையா புளுகா என்பது எங்கள் தலைவலி இல்லை.

பத்து வருடம் குத்தியதில் உள்ளங்கை ரேகைகளில் ஊதா மை ஏறிப்போயிருந்தது. அந்தக் கையைப் பார்க்காமல் சாப்பிடப் பழகியிருந்தேன்.

அவள் கொண்டுவந்தது ஓர் இறப்புச் சான்றிதழ். விண்ணப்பத்தில் காரணம், மறுமணம். இறந்தவளின் கணவர் வெளிநாட்டில் திருமணம் செய்துகொள்ளப் போகிறார். மனைவியை இழந்தவர் என்று அங்கே காட்ட வேண்டும்.

பதிவேட்டில் இறந்தவர் பெயரை எழுதினேன். அடுத்த கட்டம், கொண்டுவந்தவர் பெயர். அட்டையைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன்.

பாதியில் பேனா நின்றது.

அதே பெயர். அதே பிறந்த தேதி. அதே கணவர்.

நிமிர்ந்தேன். ஆறு மாதத்துக்கு முன் காய்ச்சலில் செத்துப்போனவள், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இது நீங்கதானே?"

"நான்தான் சார்."

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"எல்லாம் படிச்சுட்டுத்தான் கொண்டுவந்தேன்." வாசல் பக்கம் தலையைத் திருப்பிக் காட்டினாள். "அவருக்கு வரிசையில நின்னு பழக்கமில்ல. கால் வலிக்குமாம்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நிழலில், மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு ஒருவன் வண்டிச் சாவியால் காது குடைந்துகொண்டிருந்தான். சாவியின் நுனியைப் பார்த்தான். கால்சட்டையில் துடைத்தான். மறுபடி குடைந்தான்.

பெண்டாட்டியைச் சாகடிக்கிற வரிசையிலும் பெண்டாட்டியையே நிறுத்தியிருக்கிறான்.

கையெழுத்தை ஒப்பிட்டேன். எந்தப் பதிவாளரை எதைக் கொடுத்துப் பிடித்தானோ, அசல் கையெழுத்துதான்.

உடனே போலீசைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கண்காணிப்பாளர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "என்னப்பா, கதைப் புத்தகமா படிக்கிற? கையெழுத்தைப் பாத்தியா, குத்துனியா, அடுத்த ஆளைக் கூப்பிட்டியான்னு இரு."

நான் குரலைத் தாழ்த்தினேன். "ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. இப்பவே அந்த ஆளை உள்ள தள்ளிடலாம்."

அவள் கம்பியருகே முகத்தைக் கொண்டுவந்தாள். அவ்வளவு கிட்டத்தில், மோவாய்க்குக் கீழே பழைய தையல் தழும்பு தெரிந்தது.

"உள்ள போனா வெளிய வந்துடுவாரு சார். இந்த சீல் விழுந்துட்டா, அப்புறம் எங்கேருந்து வந்தாலும் இவ என் பொண்டாட்டின்னு சொல்ல முடியாதுல்ல?"

வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பதிவேட்டில் பாதி எழுதிய பெயரை அடித்துவிட்டு, 'கணவர்' என்று எழுதினேன். முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினேன். கொஞ்சமும் கசியாமல், கோணாமல் விழுந்தது.

அன்று மாலை வீட்டுக்கு நடந்தே போனேன். ஒரு நல்ல காரியம் செய்தவனைப் போல நடந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது அதிகம் அருவருப்பாக இருக்கிறது.

பதினான்கு மாதம் கழித்து அந்த நாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முத்திரையின் எண்ணைக் குறிப்பிட்டு, அவன் அங்கே கட்டிக்கொண்ட பெண் எழுதியிருந்தாள். நாங்கள் படிக்க வேண்டுமே என்று மொழிபெயர்ப்பும் இணைத்திருந்தாள்.

சான்றிதழில் காய்ச்சல் என்று இருக்கிறது. ஆனால் கை ஓங்கும்போதெல்லாம், முதல் மனைவி எப்படிச் செத்தாள் தெரியுமா என்று என் கணவர் கேட்கிறார். அவள் எப்படி இறந்தாள்? தயவுசெய்து தெரிவியுங்கள்.

இறக்கவில்லை என்று எழுதினால் அந்தப் பெண்ணின் திருமணம் செல்லாது. அவள் வெளியே வந்துவிடலாம். இவள் மறுபடி அவன் மனைவி ஆகிவிடுவாள். என் வேலையும் போகும்.

இதில் எது எனக்கு முதலில் தோன்றியது என்று கேட்காதீர்கள்.

கடிதத்தைக் கோப்பில் வைத்துக் கட்டினேன்.

கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் நாற்காலியில் இப்போது நான் இருக்கிறேன். செத்துப்போனவள் நகரத்தின் மறுகோடியில் ஒரு சலவைக் கடையில் வேலை பார்க்கிறாள். சற்றுப் பூசினாற்போல் இருக்கிறாள், என் சட்டைகளை வாங்கி வைத்தபோது அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவன் அந்த நாட்டிலேயே இருக்கிறான்.

கடிதம் எழுதியவள் மறுபடி எழுதவில்லை.