நடுங்காத குரல்

"தீப்பிடிச்சிருக்குன்னு சொன்னா, படிக்கட்டுல ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சே செத்துடுவாங்க" என்று கையைப் பிசைந்தார் மேனேஜர்.

துணிக்கடை அறிவிப்பாளர் பயத்தை விழுங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "சின்னப் புகைதான். பதறாம இருக்கிற இடத்துலயே நில்லுங்க."

யார் கேட்டார்கள்? செவிடன் காதில் ஊதிய சங்குதான். விழுந்தடித்து ஓடிய அத்தனை பேரும் பிழைத்துக்கொண்டார்கள். மூன்றாம் மாடியில், ஆண்கள் சட்டைப் பிரிவில், ஒரே ஒருத்தி மட்டும் நகராமல் நின்று, புகையில் மூச்சடைத்து இறந்துவிட்டாளாம்.

தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டார் அறிவிப்பாளர். "என் பேச்சை நம்பி நிக்கிறதுக்கும் ஒரு பைத்தியமா?"

அந்த மாடியின் விற்பனைப் பெண் விம்மினாள். "கையைப் பிடிச்சு இழுத்தேன், சார். வரவே இல்ல. 'பொய் சொன்னா எங்க வீட்டுக்காரருக்குக் குரல் நடுங்கும். இப்ப நடுங்கலையே'ன்னு சொன்னாங்க."