கல்முற்றத்துச் சக்களத்தி

பழைய கோட்டையின் கல்முற்றம் கலையரங்கமான பிறகு, அங்கே மாலைதோறும் நடனக்கலைஞர் மங்கையர்க்கரசியின் ஒளியுருவம், பழைய படப்பதிவிலிருந்து ஒளிக்கதிர்களால் உருவாக்கிய முப்பரிமாண பிம்பம், ஆடியது. இளவயதில் அவள் ஆடிய அதே ஆட்டம். அவளுக்கு இப்போது அறுபது. கணவர் தணிகாசலம் தவறாமல் முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார்.

"நான்தான் வீட்டுலயே இருக்கேனே, அங்க போய் என்னத்தப் பாக்குறீங்க?"

"அதுவும் நீதானேம்மா" என்று சிரித்தார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவளே சலங்கை கட்டி மேடையேறி, உருவத்தின் பக்கத்தில் ஆடினாள். வேகமாகச் சுழன்றபோது கால் இடறிக் கல்தரையில் விழுந்தாள். தணிகாசலம் பதறிப்போய், ஆடிக்கொண்டிருந்த உருவத்துக்குள் புகுந்து ஓடிவந்து தூக்கினார். வலியிலும் அவளுக்கு மனம் குளிர்ந்தது.

"அவ விழுந்தாலும் இப்படித்தான் ஓடி வருவீங்களா?"

"அவ எங்க விழப்போறா?" என்றார், உருவத்தைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தபடி.

மங்கையர்க்கரசி அவர் கையை உதறிவிட்டுத் தானே எழுந்து நின்றாள்.