எழுபத்து நாலாம் நம்பர் வரட்டும்

ஜெயித்தவள் பனியில் மல்லாந்து விழுந்து, எழுந்து, மூக்கைத் துடைத்து, பேட்டியும் கொடுத்து முடித்துவிட்டாள். எங்கள் ஆள் இன்னும் வரவில்லை.

சிப்காட்டில் ஜெனரல் ஷிப்ட் விட்ட நேரம். ஹெலனின் பஜ்ஜிக் கடை டிவியில் பனிச்சறுக்கு ஓட்டம் போய்க்கொண்டிருந்தது. பெஞ்சுகளில் இருந்த பதினெட்டுப் பேரும் கிரிக்கெட் கேட்டார்கள். நான் ஒருவன் மட்டும் எழுபத்து நாலாம் நம்பரைக் கேட்டேன்.

அவள் போட்டிருப்பது நான் வெட்டிய உடுப்பு.

வாடாமல்லி நிறம். இரண்டு கையிலும் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை. கிளம்பும்போது தூரத்தில் முதுகை மட்டும் காட்டினார்கள். ஒரே ஒரு தடவை பக்கத்தில் பார்த்துவிட்டால் போதும் எனக்கு.

ஏதோ சின்ன நாட்டுக்காரி. நாட்டின் பெயர் என் வாயில் நுழையவில்லை. மற்றவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் வெட்டிய புது உடுப்பில் பறக்க, இவள் மட்டும் ஏழு வருடத்துக்கு முந்தின எங்கள் தையல் யூனிட் சரக்கை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். உலகத்திலேயே மிச்சமிருந்த கடைசி உருப்படியாகக்கூட அது இருக்கலாம்.

"மாஸ்டரே, அவ வழியில எங்கியாச்சும் குந்திகினு டீ குடிப்பா. மேட்ச்ச போடு" என்றான் உருக்காலையில் வேலை செய்யும் விஜயகுமார்.

நான் விடுவேனா? வாயைத் திறந்தேன்.

அந்தத் துணி எவ்வளவு மெல்லிசு தெரியுமா, ஒரு தீப்பெட்டிக்குள் மூன்று உடுப்பை மடித்து வைக்கலாம். போட்டவளைக் கொசு கடித்தால் அளவு தப்பிவிடும், அத்தனை ஒட்டு. மேலே மாட்டுகிற நம்பர் துணி இருக்கிறதே, அது காற்றில் கொஞ்சம் படபடத்தால் போதும், ஆளைத் தூக்கிக்கொண்டுபோய் ஆரணி ஆற்றில் போட்டுவிடும். அதற்காகத்தான் பக்கவாட்டில் எலாஸ்டிக் வைப்பது. நெஞ்சிலும் முதுகிலும் இருப்பது போதாதென்று தொடையில் எதற்கு ஒரு நம்பர்? முடிவுக் கோட்டை முதலில் தாண்டுவது கால்தானே! அந்த யோசனையை ஐரோப்பாவுக்குச் சொன்னதே நான்தான்.

"ஐஸ் பெட்டில கை வுட்டாலே சளி பிடிக்கும் இவுருக்கு. ஐரோப்பாவுக்கே புத்தி சொன்னாராம்" என்றாள் ஹெலன், எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெஞ்சு சிரித்தது. சிரிக்கட்டும். சிரிக்கிற வரைக்கும் சேனலை மாற்ற மாட்டார்கள்.

திரையில் ஓடி முடித்தவர்களின் பெயர்கள் வரிசையாக ஏற ஆரம்பித்தன. எழுபது. எழுபத்தொன்று. ஒளிபரப்பை எந்த நொடியும் முடித்துவிடுவார்கள். விஜயகுமார் நாற்காலி மேல் ஏறி டிவி பொத்தானுக்குக் கையை நீட்டினான்.

"டேய், எறங்குடா!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவன் இறங்கிவிட்டான்.

மரங்களுக்கு நடுவே ஒரு வாடாமல்லிப் புள்ளி.

புள்ளி வளர்ந்தது. வாய் திறந்து, மூச்சு புகையாக வர, கடைசி மேட்டில் ஏறி வந்தாள். கேமரா கிட்டப் போனது. பனியில் ஊன்றும் இரண்டு கோலையும் ஒன்றாகத் தூக்கிக் குத்தினாள். இரண்டு கைப் பட்டைகளும் ஒரே நேரத்தில் தெரிந்தன.

இடது பட்டை அரை அங்குலம் இறங்கியிருந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அது என் தப்பு. அளவுக் காகிதத்தை மடித்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும். எந்தக் கட்டிங் மாஸ்டரும் அப்படித்தான் செய்வான். நான் மட்டும் இடது பக்கத்தைத் தனியாக வரைந்தேன்.

வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய அளவு பொம்மை துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. அதனால் ஆள் மேல் போட்டுத்தான் ட்ரையல் பார்த்தோம். அவர்கள் அனுப்பிய மார்பளவு, இடுப்பளவு, கை நீளம் எல்லாம் யூனிட்டில் ஒருத்திக்குத்தான் அச்சாகப் பொருந்தியது. நான் வெட்டிப்போடும் துணிக் கட்டுகளைப் பத்தொன்பது வருடம் மெஷின் மெஷினாகச் சுமந்துபோனவள். சுமந்த தோள் அரை அங்குலம் இறங்கியிருந்தது.

உடுப்பு அவள் மேல் ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார வேண்டும் என்று மட்டும்தான் எனக்கு இருந்தது. போட்டுக்கொண்டு ஓடப்போவது வேறு யாரோ என்பது மறந்தே போய்விட்டது. வெளிநாட்டுக்காரர்கள் அதைப் புது டிசைன் என்று நினைத்து, பாராட்டிக் கடிதம் போட்டார்கள்.

"இன்னா மாஸ்டரே, கண்ணு கலங்குது? தெரிஞ்ச பொண்ணா?"

"எங்க ஊட்டுக்காரிடா" என்றேன்.

கடையே கொல்லென்று சிரித்தது. என் புளுகிலேயே பெரிய புளுகு இதுதான் என்று விஜயகுமார் தொடையைத் தட்டினான்.

ஹெலன் சிரிக்கவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு டிவிக்குக் கிட்டே வந்து, தலையைச் சாய்த்து, அந்த இடது தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் செண்பகத்தைக் குளிப்பாட்டிக் கடைசியாகச் சேலை கட்டிவிட்டபோது, முந்தானை நிற்காமல் நழுவுகிறது என்று ஊக்கு குத்தியவள் அவள்தான்.