அஸருக்கு நின்ற வேன்

“கமரா இருக்கிற இடத்துல மட்டும் மெல்லப் போனாச் சரி புள்ள,” என்றபடி மிஹ்லார் அதிவேகப் பாதையில் வேனை விரட்டினான். இன்னொரு தடவை பிடிபட்டால் லைசன்ஸ் போய்விடும். கல்முனையில் அவனுக்கிருந்த ஒரே தொழில் அந்த வேன் ஓட்டம்தான்.

தரிப்பிடம் வந்ததும், “நிப்பாட்டுங்க, அஸர் தொழுகைக்கு நேரமாகிட்டு,” என்றாள் மனைவி ஸில்மியா.

அவன் அவசரமாகத் தொழுதுவிட்டு வந்து காத்திருந்தான். அவள் வர வெகுநேரமானது.

“மக்காவுக்குப் போயா தொழுத நீ?”

ஸில்மியா ஏறிக் கதவைச் சாத்தினாள்.

வெளியேறும் வாயிலில் பொலிஸார், ஒவ்வொரு வாகனமும் உள்ளே வந்த நேரத்தைப் பார்த்து சராசரி வேகத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் போன கார்கள் ஓரங்கட்டப்பட்டன. மிஹ்லார் லைசன்ஸை எடுத்து நீட்டினான். பொலிஸ்காரர் கணக்குப் பார்த்துவிட்டு, போகச் சொல்லிக் கையசைத்தார்.

“அல்ஹம்துலில்லாஹ்! உன்ட தொழுகைதான் புள்ள நம்மளக் காப்பாத்தின.”

“நான் எங்க தொழுத? பிரயாணம் எண்டு பகல் ளுஹர் தொழுகையோடயே அஸரையும் சேத்துத் தொழுதிட்டன். சராசரி பாக்கிறாங்க எண்டு சொன்னா நீங்க கேப்பீங்களா? அதான் நேரம் போகட்டும் எண்டு சும்மா குந்திக்கிட்டு இருந்தன். என்ட கூடப்பொறந்த காக்காவ வேகத்தால ரோட்டுல பறிகுடுத்தது போதும். திரும்பிப் போகக்குள்ள நான் சொல்ற வேகம்தான்!”

“ஓம்,” என்றான் மிஹ்லார்.